கால இயந்திரம் உப்புக்காற்றில் எத்தனை நாள் தாங்கும்?

தெற்குவாடி:

வணக்கம். பாம்பன்காரன். பதினோரு வருடமாகச் சென்னையில் திரைக்கதை எழுதிப் பிழைக்கிறேன். என் பெயரோடு வந்த படங்கள் இரண்டு. பெயர் இல்லாமல் வந்தவை அதைவிட அதிகம். நடுவில் ஒரு டிவி தொடருக்கு நாகக்கன்னியும் எழுதினேன். பாம்பு பழிவாங்க எத்தனை எபிசோடு ஆகும் என்பதைப் பாம்பா முடிவு செய்கிறது, விளம்பரம்தான் முடிவு செய்கிறது. அதைப் பற்றி இங்கே யாரும் கேட்க வேண்டாம்.

இப்போது ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுதிக்கொண்டிருக்கிறேன். 2064இல் வாழும் ஒரு பெண் கால இயந்திரத்தில் ஏறி 1964 டிசம்பர் 22ஆம் தேதி தனுஷ்கோடியில் வந்து இறங்குகிறாள். அன்று இரவு என்ன நடந்தது என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: புயலில் ஊரே போயிற்று, பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோயிற்று. என் கதாநாயகி அந்த ரயிலை நிறுத்தப் பார்க்கிறாள். முதல் டிராஃப்ட் முடிந்துவிட்டது. எனக்குப் பிடித்தும் இருந்தது.

தடைக்காலத்தில் ஊருக்கு வந்தேன். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மச்சான் சும்மாதான் இருப்பான், உட்கார வைத்துக் கதை சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். தப்புக் கணக்கு. அவன் இஞ்சின் மெக்கானிக். ஊருக்கெல்லாம் ஓய்வு என்றால் அவனுக்கு அப்போதுதான் மூச்சுவிட நேரமிருக்காது. கரையேற்றிய படகுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, வேலையை நிறுத்தாமலே முழுக்கதையும் கேட்டான். க்ளைமாக்ஸில் ஸ்பேனரைக் கீழே வைத்தான். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அப்புறம் கேட்டான்:

"மெஷின் எதுல ஓடுது?"

"அணுசக்தி மாதிரி ஒண்ணு."

"சரி. உப்புக்காத்துல வெளிய நிப்பாட்டி வச்சிருக்காளே, எத்தனை நாளு தாங்கும்?"

"கதையே ஒரு ராத்திரிதான் மச்சான்."

"ஒரு ராத்திரின்னாலும் தண்ணி ஏறுதுல்ல. பழுதாச்சுன்னா யாரு பாப்பா?"

என்னிடம் பதில் இல்லை. அவள் ஏன் அப்பாவோடு பேசுவதில்லை, ஏன் இடது கையால் சாப்பிடுகிறாள், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன். மெஷினைப் பழுதுபார்ப்பது யார் என்பதற்கு 118 பக்கத்தில் ஒரு வரி கிடையாது.

அன்றிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் அந்தக் கேள்வி கூடவே வந்து உட்காருகிறது. நம் சினிமாவில் விஞ்ஞானம் என்றால் வெள்ளைக் கோட்டு, கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு லேப், கண்ணாடிக் குடுவையில் கொதிக்கும் ரோஸ் தண்ணீர், சுவர் நிறைய மினுக்கும் பல்பு. அந்த பல்பு ஃப்யூஸ் போனால் மாற்றுவதற்கு ஒரு ஆள் வேண்டாமா? கரண்டு பில் யார் பெயரில் வருகிறது? மெஷின் கெட்டுப்போகும்தான், ஆனால் நல்ல பிள்ளை மாதிரி இடைவேளைக்கு முன்னால் கெட்டு க்ளைமாக்ஸில் சரியாகிவிடும். பாம்பனில் எந்த இஞ்சினும் அப்படி நேரம் பார்த்துக் கெட்டதில்லை.

1977இல் ஸ்டார் வார்ஸ் வந்தபோது ஜார்ஜ் லூகாஸ் செய்த புத்திசாலித்தனமான காரியம் லேசர் வாள் இல்லை, அழுக்கு. கப்பல், ரோபோ எல்லாம் அடிபட்டு, கறுத்து, பல கை மாறியவையாகத் தெரிய வேண்டும் என்று கேட்டு வாங்கினார். படத்தின் கதாநாயகப் பையன் விண்கப்பலை முதன்முதலாகப் பார்த்ததும் குப்பை என்றுதான் சொல்கிறான். அந்த ஒரு சொல்லில் நான் அந்த உலகத்தை நம்பினேன். ஐந்தாவதாக ஒருவர் கையில் வாங்கிய படகைப் பார்த்து என் சித்தப்பா சொன்னதும் அதேதான்.

உப்பு இன்னும் பெரிய திரைக்கதை ஆசிரியர். ஜாஸ் படத்துக்குச் செய்த இயந்திரச் சுறாவை நல்ல தண்ணீரில் சோதித்துவிட்டுக் கடலில் இறக்கினார்கள். உப்புத் தண்ணீர் பட்டதும் படுத்துவிட்டது. 55 நாள் என்று போட்ட படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. சுறா இல்லாமல் எதை எடுப்பது? ஸ்பீல்பெர்க் தண்ணீரை எடுத்தார், மிதக்கும் பீப்பாயை எடுத்தார், மனிதர்களின் முகத்தை எடுத்தார். நாம் பயந்தது அதற்குத்தான். அந்த மெஷின் ஒழுங்காக ஓடியிருந்தால் ரப்பர் மீனைக் காட்டியே படத்தை முடித்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வாழ்க்கையில் பார்த்த முதல் சயின்ஸ் ஃபிக்‌ஷன் காட்சி தியேட்டரில் இல்லை. ரோட்டுப் பாலத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தது. கீழே 1914இல் கட்டிய ரயில் பாலத்தின் தூக்கு இரண்டாகப் பிளந்து வானத்தைப் பார்த்து எழுந்தது. தண்டவாளம் செங்குத்தாக நிற்பதைப் பார்த்தவனுக்கு அப்புறம் எந்த விண்கலமும் பெரிதாகத் தெரியாது. ஆனால் அதைத் தூக்கியது மோட்டார் இல்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இரும்புக் கம்பியைத் தள்ளிச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் நடுவில் நிறுத்தித் துண்டால் முகம் துடைத்தார். எனக்கு நினைவிருப்பது அந்தத் துண்டு. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பாலப்பகுதி அப்படியே நேராக மேலே ஏறுகிறது, ஏற்றுவது மோட்டார். அழகுதான். குறை சொல்லவில்லை. திரைக்கதைக்காரனுக்குப் பழையதுதான் வேண்டும்.

காட்ஸில்லாவைச் சென்னையில் எல்லோரும் பல்லி படம் என்பார்கள். 1954 மார்ச் 1ஆம் தேதி பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. அந்தக் கடலில் சூரை பிடித்துக்கொண்டிருந்த ஜப்பான் படகு ஒன்றின் மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. படகில் 23 பேர். அதில் ரேடியோ ஆபரேட்டர் செப்டம்பரில் இறந்துபோனார். நவம்பரில் ஜப்பானில் காட்ஸில்லா வந்தது. படத்தின் தொடக்கத்திலேயே கடலில் ஒளி வெடித்து ஒரு கப்பல் எரிகிறது. உறவுக்காரர்கள் ஆபீஸில் கூடி நின்று, ஆள் இருக்கிறானா இல்லையா என்று கேட்கிறார்கள். ராமேஸ்வரம் கரையில் நிற்காத காட்சியா அது?

நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. 1963இல் வந்த கலை அரசியில் வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பூமியைப் பிடிக்க வரவில்லை. அவர்கள் கிரகத்தில் கலை இல்லை, ஆடல் பாடல் கற்றுக்கொடுக்க ஆள் தேடி வருகிறார்கள். பாட்டு வாத்தியார் தேடி இவ்வளவு தூரமா என்று சிரிக்கலாம். ஆனால் வந்தவனுக்கு ஒரு தேவை இருக்கிறது பாருங்கள். அதே 1963 நவம்பர் 21ஆம் தேதி கேரளத்துத் தும்பாவில் முதல் ராக்கெட் பறந்தது. அதுவும் மீனவக் கிராமம். தேவாலயத்தை ஆபீஸாக்கிக்கொண்டார்கள், ராக்கெட் பாகம் சைக்கிளில் போனது, வேலை பார்த்தவர்களில் ஒருவர் நம் ராமேஸ்வரத்துக் கலாம். உண்மையான ராக்கெட்டில் சைக்கிள் இருக்கிறது. சினிமா ராக்கெட்டில் ஏன் இல்லை?

சரி, கேள்விக்கு வருகிறேன். மாயமோ விஞ்ஞானமோ, திரையில் பார்க்கும்போது எந்த இடத்தில் உங்களுக்கு நம்பிக்கை விட்டுப்போகிறது? இன்னொன்று: என் மெஷினில் என்ன தேய வேண்டும்? மச்சானிடம் கேட்டால் படகு அனுப்பிவிட்டு வருகிறேன் என்கிறான்.

அரியமான் பீச்:

சினிமாதானே அண்ணே. ஏசி போட்டு உட்கார வைத்துப் பறக்கிற ஆளைக் காட்டினால் பார்த்துவிட்டு வரப்போகிறோம். லாஜிக் பார்த்தால் பாப்கார்ன் விலையையும் பார்க்க வேண்டியிருக்கும்.

ஓலைக்குடா டிரைவர்:

தம்பி, உங்க மச்சான் கேட்டது சரியான கேள்வி. நான் 26 வருடமாகப் படகு ஓட்டுகிறேன், படத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. தேயுற சாமானைப் பற்றிச் சொல்கிறேன்.

படகு கரையேறும்போது சுக்கான் பக்கத்தில், ஷாஃப்ட் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள், சாம்பல் கலரில் ஒரு கட்டை முறுக்கி வைத்திருப்போம். ஜிங்க் கட்டை. பெயின்ட் அடிக்கிற பையன் தெரியாமல் அதன் மேலேயும் அடித்துவிட்டால் திட்டு விழும். ஏன் என்றால் அந்தக் கட்டை கரைவதற்கென்றே வைத்தது. கடல் தண்ணீருக்குள் ரெண்டு வகை உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தால் பேட்டரி மாதிரி ஆகிவிடும். ஒன்று இன்னொன்றைத் தின்னும். வெண்கல ப்ரொப்பல்லர் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம். அப்போது இந்த ஜிங்க் என்ன செய்கிறது என்றால், என்னை முதல்ல தின்னு, அப்புறம் அவனைப் பாரு என்கிறது. அது இருக்கிற வரைக்கும் மற்றதற்கு ஒன்றும் ஆகாது. எலி கடித்த பிஸ்கட் மாதிரி ஆனதும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வைக்கணும். மறந்தால் அடுத்த வருடம் ஷாஃப்டையே மாற்றணும், காசு எங்கே வரும்?

உங்க மெஷினுக்கு அப்படி ஒன்று வைங்க. ஒரு தடவை போய் வந்தால் பாதி போயிடும். கையில் எத்தனை கட்டை இருக்கோ அத்தனை தடவைதான் போகலாம். இதுக்கு மேல கதையை நீங்க பாருங்க.

ஒரு சங்கதி. படத்தில் புயல் என்றால் கதாநாயகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீல் ஹவுஸில் நிற்பான். நிற்க முடியாது தம்பி. நான் நின்றதில்லை. எனக்கு நம்பிக்கை போகிற இடம் அது.

கீழக்கரை ராத்தா:

டிரைவர் காக்கா சொன்ன ஜிங்க் கட்டையைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டு ஜின் ஞாபகம் வந்தது.

என் உம்மாவைப் பெற்றவள் சொல்லும் கதை. அந்தக் காலத்தில் சுபுஹு, அதாவது விடிகாலைத் தொழுகைக்கு முன்னால், கடையில் தொதல் என்கிற இனிப்பைக் கிண்ட ஆரம்பித்துவிடுவார்களாம். இருட்டில் ஒருத்தர் வெள்ளை உடுத்திக்கொண்டு வந்து ஒரு தட்டு தொதல் வாங்குவார். சரியான காசு கொடுப்பார், பேரம் கிடையாது. கடைக்காரர் மூன்று காரியம் செய்யக்கூடாது. பெயர் கேட்கக்கூடாது, காலைப் பார்க்கக்கூடாது, மீதிச் சில்லறையை மறந்துபோகக் கூடாது. சில்லறைதான் இதில் முக்கியம். ஒருநாள் புதுப் பையன் ஒருவன் காலணா குறைத்துக் கொடுத்துவிட்டான். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை, தொதலும் பதம் வரவில்லை. அவ்வளவுதான் கதை. ஒருத்தரையும் அடிக்கவில்லை, கண் சிவக்கவில்லை, பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஆனால் சின்ன வயதில் கடையில் மிட்டாய் வாங்கும்போதெல்லாம் சில்லறையை எண்ணிப் பார்த்தபிறகுதான் நகர்வேன்.

எங்களிடம் ஜின்கள் தனி உம்மத்து, தனிச் சமுதாயம். கல்யாணம் முடிக்கும், தொழும், வியாபாரம் பார்க்கும். தமிழில் கிஸ்ஸா, நாமா, மசலா என்று முஸ்லிம் புலவர்கள் எழுதி வைத்த வடிவங்கள் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும் திரையில் ஜின் வந்தால் ஒன்று காமெடி, இல்லாவிட்டால் பச்சைப் புகை. எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாமல் என்ன வேண்டுமானாலும் செய்யும். என்ன வேண்டுமானாலும் செய்யக்கூடியவனைப் பார்த்து எதற்குப் பயப்படுவது? எனக்கு நம்பிக்கை போவது அங்கேதான்.

1957இல் வந்த மாயா பஜாரில் கடோத்கசன் கல்யாணச் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்ததும் லட்டெல்லாம் தானாகவே வாய்க்குள் போகும். இன்றைக்குப் பார்த்தாலும் எங்கள் வீட்டில் சின்னதுகள் கை தட்டுகின்றன. தந்திரம் யாருக்கும் தெரியும். ஆனால் கடோத்கசனாக வரும் ரங்காராவுக்குப் பசிக்கிறது என்பதை எல்லோரும் நம்புகிறோம். உங்கள் கதாநாயகிக்குப் பசிக்குமா தம்பி? 118 பக்கத்தில் அவள் எங்கேயாவது ஒரு வாய் சாப்பிடுகிறாளா?

தொண்டி டீச்சர்:

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறேன். கால இயந்திரத்துக்கு 2064 வரை போக வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. உங்கள் அப்பாவின் படகில் இருக்கிறது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அதற்குள் கடிகாரம் இருக்கிறது. வேகமாக ஓடுவதால் அந்தக் கடிகாரம் நம்முடையதைவிட நாளைக்கு 7 மைக்ரோ விநாடி பின்தங்கும். அந்த உயரத்தில் புவியீர்ப்பு குறைவு என்பதால் 45 மைக்ரோ விநாடி முந்தும். கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் 38 மைக்ரோ விநாடி அது நமக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. ஐன்ஸ்டைன் சொன்ன கணக்கு. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் இடம் காட்டுவதில் 10 கி.மீ. வரை பிசகு வரும். பாக் நீரிணையில் 10 கி.மீ. தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று என் வகுப்பில் யாரும் விளக்கம் கேட்டதில்லை. பின் பெஞ்சுப் பையன்கள்கூட அந்த ஒரு பாடத்தில் தூங்கமாட்டார்கள்.

இதிலிருந்து உங்கள் கதைக்கு ஒரு ஓட்டை. 2064இலிருந்து வருகிறவள் கையில் இடம் காட்டும் கருவி ஏதாவது இருக்கும் இல்லையா? 1964இல் அது வேலை செய்யாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் முதலாவது மேலே போனதே 1978இல்தான். வானத்தில் அவளுக்குப் பதில் சொல்ல ஒன்றும் இல்லை. மேகம் மூடிய மார்கழி இரவு என்றால் நட்சத்திரமும் இல்லை. வாடைக்காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்று பார்த்துத் திசை சொல்லத் தெரிந்த ஒரு ஆளை அவள் தேடிப் போயாக வேண்டும். இது ஓட்டையா வாசலா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

எனக்கு நம்பிக்கை விட்டுப்போவது விஞ்ஞானம் தப்பாக இருக்கும்போது இல்லை. தப்பு இருக்கட்டும். விஞ்ஞானி கதாபாத்திரம் ஒரு தடவைகூட கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்காதபோது டிவியை அணைத்துவிடுவேன்.

பச்சைத்திரை:

சொந்த ஊர் சாயல்குடி. சென்னையில் கிராஃபிக்ஸ் வேலை. எங்களை யாரும் கதைக்குக் கூப்பிடமாட்டார்கள், கதையை எல்லோரும் சேர்ந்து கெடுத்த பிறகு கூப்பிடுவார்கள். அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன் அண்ணே: அலையை எழுதாதீர்கள்.

தண்ணீர்தான் எங்கள் தொழிலிலேயே பொல்லாதது. பழைய முறையில் தொட்டிக்குள் சின்ன ஊர் கட்டி அலையடித்துப் படம் எடுத்தார்கள். வீட்டைச் சின்னதாக்கலாம், ரயிலைச் சின்னதாக்கலாம், சொட்டைச் சின்னதாக்க முடியாது. தெறிக்கிற துளியைப் பார்த்ததும் கண் கண்டுபிடித்துவிடும், இது தொட்டி என்று. அதற்காகவே கேமராவை வேகமாக ஓடவிட்டு எடுத்து, திரையில் மெதுவாகக் காட்டுவார்கள். தண்ணீருக்குக் கனம் வந்த மாதிரி இருக்கும். நீங்கள் சொன்ன காட்ஸில்லாவும் அதே வித்தைதான். 100 கிலோ கனத்த உடுப்புக்குள் ஒரு மனிதர் மூச்சு முட்ட நடந்தார், அதை வேகமாகச் சுழற்றி எடுத்தார்கள். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் செய்கிறோம். நுரை, திவலை, நனைந்த மணல் என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கு. அதற்கு உங்கள் தயாரிப்பாளர் கொடுக்கப்போகும் காசை நான் இப்போதே எழுதித் தரவா?

புயலை அலையால் காட்ட வேண்டாம். தனுஷ்கோடியில் காற்று வீசும்போது முதலில் வருவது மணல்தானே. கதவிடுக்கில் மணல் கோடு போடும். லாந்தர் கண்ணாடியில் ஊசி மாதிரி அடிக்கும். அதை நாங்கள் செய்யவே வேண்டாம், ஒரு பெடஸ்டல் ஃபேனும் இரண்டு சாக்கு மணலும் போதும்.

காசில்லாமல் காலப் பயணம் முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது 1962இல் கிறிஸ் மார்க்கர் எடுத்த லா ஜெத்தே. 28 நிமிடம். ஒரே ஒரு கணத்தைத் தவிர முழுக்க அசையாத புகைப்படங்கள். அந்தக் கணத்தில் தூங்குகிற பெண் கண்ணைத் திறப்பாள். இத்தனை கோடிக்கு நாங்கள் செய்யும் வெடிப்பில் வராத பதற்றம் அந்த இமையில் வருகிறது. எனக்கே வயிற்றெரிச்சல்.

தங்கச்சிமடத்துப் பேத்தி:

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அண்ணே, எங்கள் குடும்பம் தனுஷ்கோடியிலிருந்து வந்தது. தனுஷ்கோடி என்றால் சினிமாக்காரர்களுக்கு இடிந்த சர்ச்சும் பாட்டுக்கு ஒரு ட்ரோன் ஷாட்டும்தான். 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு வந்த பிறகு இன்னும் சுலபம். இப்போது கால இயந்திரமும் வருகிறது. வந்தவர்கள் எல்லோரும் அந்த ரயிலைத்தான் நிறுத்துகிறார்கள். முன்பு ஒரு தம்பி குறும்படத்துக்கென்று வந்து அப்பத்தாவிடமே கேட்டான், அந்த ரயிலை நிறுத்த முடிந்தால் என்ன பாட்டி செய்வீர்கள் என்று. அப்பத்தா அவனுக்குக் காபி போடச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் அவள் தங்கச்சியின் பேறுகாலத்துக்காகப் பாம்பனுக்கு வந்துவிட்டாள். அதனால் இருக்கிறாள். கிளம்பும் முன்னால் கோழிகளைக் கூட்டில் அடைத்துவிட்டு, காலையில் திறந்துவிடச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஏழு கோழி. அந்தப் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி அவள் பேசி நாங்கள் கேட்டதில்லை. கோழியைப் பற்றி மட்டும் இன்றைக்கும் சொல்வாள், அடைச்சுட்டு வந்துட்டேனே என்று.

எனக்கு எந்த இடத்தில் நம்பிக்கை போகும் என்று கேட்டீர்கள். அவ்வளவு பெரிய ராத்திரிக்குள் இறங்குகிறவள் நேராக ரயிலைப் பார்த்து ஓடும் இடத்தில்.

தெற்குவாடி:

எல்லோருக்கும் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். டிராஃப்டைப் பிரித்துப் போட்டிருக்கிறேன், வீடு முழுக்கத் தாள்.

அரியமான் தம்பி, பாப்கார்ன் விஷயத்தில் நீ சொல்வது உண்மை.

ராத்தா, தேடிப் பார்த்தேன். 118 பக்கத்தில் அவள் ஒரு காபி குடிக்கிறாள், அதுவும் பாதி. கையெல்லாம் நடுங்கியது எனக்கு. இத்தனை வருடம் எழுதுகிறவன்.

தங்கச்சிமடத்துத் தங்கச்சிக்கு: ரயிலை எடுத்துவிட்டேன். அது கதையில் கடந்துபோகாது, சத்தம்கூட வராது. அந்த இடத்தில் டிரைவர் அண்ணனின் ஜிங்க் கட்டையை வைத்துப் பார்த்தேன். அவள் வந்து இறங்கியபோதே கட்டை கரைந்துவிட்டது, திரும்பிப் போக ஒன்று வேண்டும். 1964இல் தனுஷ்கோடியில் ஜிங்க் யாரிடம் இருக்கும்? எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறுகிறவர்கள் தனுஷ்கோடித் துறையில் இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் மாறிய காலம் அது. இரும்புக் கப்பல் நிற்கிற இடத்தில் அதைப் பார்க்கிற ஃபிட்டர் ஒருத்தர் இருப்பார். அவரிடம் இருக்கும். ஆனால் சும்மா கொடுப்பாரா? துறை எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது, டீச்சர் சொன்ன மாதிரி கருவி செத்துப் போயிருக்கிறது. காற்றைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டு ஊருக்குள் நடக்கிறாள். மணல் அடிக்கிறது (பச்சைத்திரை, இரண்டு சாக்கு மணலுக்கும் ஃபேனுக்கும் நீதான் பொறுப்பு). ஒரு வீட்டில் சோறு போடுகிறார்கள், சாப்பிடுகிறாள். ஃபிட்டர் நாளைக் காலையில் வா, ஸ்டோர் ரூம் சாவி மேஸ்திரியிடம் இருக்கிறது என்கிறார். நாளைக் காலை என்ற ஒன்று இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். சொன்னால் யார் நம்புவார்கள்?

இதை மச்சானிடம் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "கட்டை கிடைச்சாலும் அவ மெஷினுக்கு அந்த போல்ட்டு ஓட்டை சேருமா?" என்றான். அதையும் எழுதிக்கொண்டேன்.

தங்கச்சி, ஒரு அனுமதி கேட்க வேண்டும். அவள் ஊருக்குள் நடந்து போகும்போது ஒரு வீட்டு முற்றத்தில் கோழிக்கூடு இருக்கிறது. பெயர், அடையாளம் எதுவும் வராது. போகிறபோக்கில் அதன் கதவைத் திறந்துவிட்டுப் போகிறாள், அவ்வளவுதான். வைக்கலாமா? அப்பத்தாவுக்குப் பிடிக்காது என்றால் எடுத்துவிடுகிறேன்.

தங்கச்சிமடத்துப் பேத்தி:

கேட்டேன் அண்ணே. முழுக்கதையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். கடைசியில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ராத்திரியில கோழிக்குக் கண்ணு தெரியுமாடி? திறந்துவிட்டா அது எங்க போகும், அங்கனேயே தான் உக்காந்திருக்கும். சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போகச் சொல்லு."